டின் மீனின் கலோரிக் கணக்கு: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

தராசுமுள்:
அப்பாவின் உணவுக் குறிப்பேட்டைப் பார்த்த உணவியல் ஆலோசகர், ‘எண்ணெயில் அடைத்த சூரை, ஒரு டின்’ என்ற வரிக்கு எதிரே 337 என்று எழுதினார். டின்னின் நிகர எடை 170 கிராம், எண்ணெயை வடித்த சூரைக்கு 100 கிராமுக்கு 198 கலோரி என்று அவருடைய அட்டவணையில் இருந்தது, இரண்டையும் பெருக்கிவிட்டார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “வடித்துக் கொட்டிய எண்ணெயை யாருடைய கணக்கில் எழுதியிருக்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது, ஏனெனில் அந்த டின்னை எப்படிச் சாப்பிட்டாலும் 337 வராது. வடித்த எடை 120 கிராம் என்று டின்னிலேயே அச்சிட்டிருந்தது. மீனை மட்டும் உண்டால் 238. மீதமுள்ள 50 கிராமும் எண்ணெயே என்று கொண்டு அதையும் சேர்த்துக்கொண்டால், கிராமுக்கு 9 வீதம் 450 கூடி 690-ஐ நெருங்கிவிடும்.

நண்பகல்:
எங்கள் அலுவலகத்தில் உணவு இடைவேளையின்போது ஒருவர் டின்னைத் திருப்பிப் படித்தார். 100 கிராமுக்கு 828 என்பதைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு டின்னை மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவிட்டார். அது ஆற்றலின் இன்னோர் அலகான கிலோ ஜூல் கணக்கு. 4.184-ஆல் வகுத்தால் தராசுமுள் சொன்ன அதே 198 கிலோ கலோரிதான் (நாம் பேச்சில் கலோரி என்பது இதைத்தான்) வரும். அந்த எண்ணும் சாய்கோட்டுக்கு அடுத்தபடியாக அதே வரியில் அச்சாகியிருந்தது. விரல் வைத்துக் காட்டிய பிறகும் அவர் அன்று அந்த மீனைத் தொடவில்லை.

முள்ளோடு:
தராசுமுள், 690 என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். வடியும் 50 கிராமில் மீனிலிருந்து கசிந்த நீரும் உண்டு; கண்ணாடிக் குவளையில் வடித்துச் சற்று நேரம் வைத்தால், நீர் அடியில் தங்கி எண்ணெய் மேலே பிரிந்து நிற்பதைக் காணலாம். ஆகவே 690 என்பதை உச்ச வரம்பாக மட்டுமே கொள்ள வேண்டும்.

என் அனுபவம் சிறியது. கலோரி குறையும் என்று சொல்லி, எங்கள் அண்ணி டின் மத்தியின் நடுமுள்ளை முள்கரண்டியின் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். மிருதுவாக வெந்த அந்த முள்ளில் பெரிதாகக் கலோரி ஏதுமில்லை. முள்ளோடு சேர்ந்த மத்தியில் 100 கிராமுக்கு 382 மில்லிகிராம் இருக்கும் கால்சியத்தில் பெரும்பகுதிதான் தட்டின் ஓரத்துக்குப் போயிற்று.

இதை எழுத வந்ததால், யாரும் கேட்காவிட்டாலும் முறையைச் சொல்லிவிடுகிறேன். டின்னில் அச்சிட்ட வடித்த எடையோடு நிற்காமல், மீனைச் சல்லடையில் வடியவிட்டுத் தராசில் வையுங்கள். மூடியால் அழுத்திப் பிழிந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வெளியேறும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகச் செய்யுங்கள். அடுத்து, லேபிளில் உள்ள அட்டவணை வடித்த மீனுக்கா, முழு உள்ளடக்கத்துக்கா என்று பாருங்கள். அது எழுதப்படவில்லையெனில் கொழுப்பின் அளவே காட்டிக்கொடுத்துவிடும்: எண்ணெயில் அடைத்த சூரைக்கு 100 கிராமில் 8 கிராம் அளவில் கொழுப்பு இருந்தால் அது வடித்த மீனின் கணக்கு, 30-ஐத் தாண்டினால் எண்ணெயையும் சேர்த்துவிட்டார்கள். தக்காளிச் சாற்றில் அடைத்ததைச் சாற்றோடு உண்பவர்கள் சாற்றோடுதான் நிறுக்க வேண்டும். கடைசியாக, புரதத்தை 4-ஆலும் கொழுப்பை 9-ஆலும் பெருக்கிக் கூட்டிச் சரிபாருங்கள். எண்ணெய் வடித்த மத்தியில் 100 கிராமுக்குப் புரதம் 24.6, கொழுப்பு 11.5 கிராம் என்றால் 202 வரும். அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணையோ 208 என்கிறது. மீனுக்கு அவர்கள் 4.27, 9.02 என்ற பெருக்கு எண்களைப் பயன்படுத்துவதால் வரும் வேறுபாடு அது, கவலைப்பட வேண்டியதில்லை. ஒருவர் ஒரு வேளைக்கு உண்ணும் அளவாக லேபிள் காட்டும் ‘ஒரு பங்கு’ என்ற வரியைப் பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டுடின்:
பங்கு வரியைப் பார்க்காமல் விட்டிருந்தால் என் மாமியார் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது. ஒரே நிறுவனத்தின் ஒரே சூரை, வடித்த எடை 113 கிராம். பழைய லேபிளில் ‘சுமார் 2 பங்கு, பங்குக்கு 60’, புதிய லேபிளில் ‘1 பங்கு, 130’. அத்தை இரண்டையும் இரு கைகளில் வைத்துக்கொண்டு, “இரண்டு அறுபது நூற்றிருபதுதானே, அந்தப் பத்து எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் டின் மீனுக்கான அடிப்படைப் பங்கை 55 கிராமிலிருந்து 85 கிராமாக உயர்த்தியது. திரவத்தை உண்ணாமல் விடும் வகைகளுக்கு அது வடித்த மீனின் எடை. அடிப்படைப் பங்கின் இரு மடங்குக்குக் குறைவாக இருக்கும் சிறு டின்னை ஒரே பங்காகக் காட்ட வேண்டும் என்பதால், 113 கிராம் டின் முழுவதும் ஒரு பங்காகிவிட்டது. 50-க்கு மேற்பட்ட கலோரியைப் பத்தின் மடங்காக்கி எழுதுவது அங்குள்ள விதி. 55 கிராமுக்கு உண்மையில் 64 வந்தது 60 ஆயிற்று. 113 கிராமுக்கு 131 வந்தது 130 ஆயிற்று. அத்தை கேட்ட பத்து, பழைய லேபிளின் முழுமையாக்கலிலும் ‘சுமார்’ என்ற சொல்லிலும் ஒளிந்திருந்தது. முள்ளோடு அவர்களே, நீங்கள் சொன்ன சரிபார்ப்பு எதிலும் இது பிடிபட்டிருக்காது.

தராசுமுள்:
நீர் பற்றிய திருத்தம் சரிதான். 690-ஐ வரம்பாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் எல்லோரும் எடையிலேயே நிற்கிறீர்கள், மீன் எது என்பதை யாரும் கேட்கவில்லை. என்னோடு உடற்பயிற்சிக்கு வருபவர், நீரில் அடைத்த சூரை என்று செயலியில் தேடி, வரும் பட்டியலில் மிகக் குறைந்த எண்ணைத் தொடுவார். அன்று 100 கிராமுக்கு 86 என்பதைத் தொட்டபோது அவர் கையிலிருந்த டின்னில் ‘அல்பகோர்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 86 என்பது வரிச்சூரை போன்றவற்றை அடைக்கும் ‘லைட்’ வகைக்கு உரியது. அல்பகோர் எனும் வெள்ளைச் சூரைக்கு அதே வேளாண்துறை அட்டவணை 128 தருகிறது. 120 கிராம் உண்டால் 50 கலோரி வித்தியாசம். சொன்னேன், “இரண்டும் சூரைதானே” என்று சொல்லிவிட்டு 86-ஐயே சேமித்துக்கொண்டார்.