இசையில் பி.ஏ. படித்தால் போட்ட காசு திரும்புமா?

குவாத்ர் போர்ன் அப்பா:
வணக்கம். மகள் இங்கே மொரீஷியஸில் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி. எழுதி முடித்துவிட்டாள். கணக்கியலில் நல்ல மதிப்பெண் வரும் என்று டீச்சர்கள் சொல்கிறார்கள், ஆனால் அவளோ மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக வாய்ப்பாட்டுதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நன்றாகவே பாடுவாள், அதில் சந்தேகம் இல்லை. அரசு நிறுவனங்களில் முதல் பட்டத்துக்கு 2019 முதல் கட்டணமே இல்லையே, உனக்கு என்ன நஷ்டம் என்கிறார் மைத்துனர். பாட்டு சோறு போடுமா என்கிறாள் வீட்டுக்காரி. கலை தெய்வீகமானது என்றெல்லாம் யாரும் எழுத வேண்டாம், அது எனக்கும் தெரியும். வரவு செலவு மட்டும் சொல்லுங்கள்.

எபேன் கணக்குப்பிள்ளை:
கட்டணம் இல்லை என்றால் செலவும் இல்லை என்று ஆகிவிடாது அண்ணா. மூன்று வருஷம் சம்பாதிக்காமல் இருப்பதுதான் பெரிய செலவு. 2024 ஜனவரியில் வைத்த குறைந்தபட்ச ஊதியம் 16,500 ரூபாயையே எடுத்துக்கொள்ளுங்கள், வருஷக் கடைசி போனஸோடு 13 மாதம், மூன்று வருஷத்துக்கு 643,500 ரூபாய். சரி, கணக்கியல் படித்தாலும் இதே பணம் போகத்தான் போகிறது, அதனால் இதை வைத்து இசையைக் குறை சொல்ல முடியாது. வித்தியாசம் படித்து முடித்த பிறகுதான். கணக்கியல் பட்டதாரிக்கு ஒரு கம்பெனி இல்லையென்றால் அலுவலகங்கள் நிறைந்த எபேனிலேயே அடுத்த கட்டடத்தில் இன்னொன்று. பாட்டுப் படித்தவருக்கு மாதச் சம்பளம் தரும் இடம் கிட்டத்தட்ட பள்ளிக்கூடம் மட்டும்தான்.

பாட்டு டீச்சர்:
அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்துதான் எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டால் சம்பளத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை ஐயா, அரசு ஊழியர் சம்பளத்தை வகுக்கும் பி.ஆர்.பி. அறிக்கைப்படிதான் தருகிறார்கள். 2017-இல் வந்த ஒன்பதாண்டுப் பள்ளிக் கல்வித் திட்டத்தில் 7 முதல் 9-ஆம் வகுப்பு வரை நிகழ்த்துகலையும் உண்டு. சிக்கல் கிடைப்பதில்தான். அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் ஆணையமான பி.எஸ்.சி.யின் விளம்பரம் பாடம் பாடமாக வரும், வாய்ப்பாட்டு, தபலா, பரதம் என்று தனித்தனியாக. உங்கள் பாடத்துக்கு வராத வருஷம் வராததுதான், நீங்கள் முதல் வகுப்பில் தேறியிருந்தாலும் சரி. அப்புறம் ரெதுய்யில் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வேறு இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் சிலர் காத்திருந்து காத்திருந்து வங்கி கவுண்டருக்குப் போய்விட்டார்கள், இன்றைக்கு அவர்கள் என்னைவிட வசதி. ஒன்று செய்யுங்கள்: இப்போது கர்நாடக வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறவர்களில் யார் யாருக்கு ஓய்வு பெறும் 65 வயது நெருங்குகிறது என்று விசாரித்துப் பாருங்கள். சின்னத் தீவுதானே, பத்து போன் போட்டால் தெரிந்துவிடும்.

மிருதங்கம்_ரோஸ்ஹில்:
டீச்சர் அக்கா கச்சேரிப் பக்கத்தை விட்டுவிட்டார்கள். தனிக் கச்சேரியில் பாட்டுக்காரருக்குப் பெரிதாக ஒன்றும் வராது, கோயில் விழாவில் சால்வை, பிரசாதம், கையில் ஒரு கவர். காசு அரங்கேற்றத்தில் இருக்கிறது. பரதத்துக்குப் பாடத் தெரிந்த, ஜதி சொல்லித் தாளம் போடும் நட்டுவாங்கத்தோடு ஒத்துப்போகிற குரலுக்குத் தட்டுப்பாடு, அதனால் சில குடும்பங்கள் சென்னையிலிருந்தே ஆளை வரவழைக்கிறார்கள், விமான டிக்கெட்டும் போட்டு. ஆனால் ஒத்திகையைக் கணக்கில் சேருங்கள். வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் ஆடுகிற பெண் ஜதியை முடிக்கும் தீர்மானத்தைத் தவறவிட்டால் முதல் ஜதியிலிருந்து திரும்பப் பாட வேண்டும், இப்படியே வாரக்கணக்கில் சாயங்காலம் முழுதும் போகும், சம்பளம் மேடைக்கு மட்டும்தான். மணிக் கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். வீட்டு டியூஷனையும் ரொம்ப நம்பாதீர்கள். பீனிக்ஸில் இந்திரா காந்தி மையத்தில் குறைந்த கட்டணத்தில் இந்திய இசை, நடன வகுப்புகள் நடக்கும்போது நீங்கள் எவ்வளவு கேட்க முடியும்?

குவாத்ர் போர்ன் அப்பா:
எல்லாருக்கும் நன்றி. இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் சென்னைக்கு அனுப்பினால் என்ன? அங்கே படித்தவளுக்கு இங்கே மதிப்பு கூடுமா?

சென்னை ரிட்டர்ன்:
நான் அப்படிப் போனவள்தான். படிப்புக் கட்டணமும் மாத உதவித்தொகையும் தருகிறார்கள், ஆனாலும் வீட்டிலிருந்து பணம் வராமல் சென்னையில் ஓட்டுவது கஷ்டம், டிசம்பர் சீசனில் சபா சபாவாக அலையும் ஆட்டோ செலவே தனி. ஞானத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டது காசு. அதனால் சேரும் முன்பே அது பட்டமா டிப்ளமாவா, இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கலாக்ஷேத்திராவில் முக்கியமான படிப்பே டிப்ளமாதான், மேடையில் அந்தப் பெயருக்கு இருக்கும் மரியாதை வேறு, பட்டம் கேட்கும் வேலை விண்ணப்பத்தில் நடப்பது வேறு.

எபேன் கணக்குப்பிள்ளை:
இன்னொன்றையும் மைத்துனரிடம் சொல்லுங்கள் அண்ணா. இலவசம் முதல் பட்டத்துக்கு மட்டும்தான். அதைப் பாட்டில் செலவழித்துவிட்டு, இருபத்து மூன்று வயதில் கணக்கியலுக்குத் திரும்பினால் கையிலிருந்து கட்ட வேண்டும். என் மகளாக இருந்தால் இலவசத்தைக் கணக்கியலுக்கு வைத்துக்கொண்டு பாட்டைச் சாயங்கால வகுப்பில் படிக்கச் சொல்வேன்.

பாட்டு டீச்சர்:
சாயங்கால வகுப்பில் படித்தவளைப் பள்ளிக்கூடத்தில் எடுக்க மாட்டார்களே தம்பி, பட்டம் கேட்பார்கள். டீச்சர் வேலையை மனதில் வைத்துக்கொண்டா அந்தப் பெண் கேட்கிறாள், இல்லை பாடிக்கொண்டிருந்தால் போதும் என்றா? அதை முதலில் கேளுங்கள் ஐயா. இரண்டாவதுதான் என்றால் தம்பி சொல்வதே சரி.