பெரியவீட்டுச் சொந்தங்கள்: அட்டையில யார் படம்?

சித்தி: காதுகுத்துக்குக் குடுக்கப்போற என் பாட்டு சிடியோட அட்டை நாளைக்கு பிரிண்டுக்குப் போவுது. படம் போட்டிருக்கேன், பாத்துச் சொல்லுங்க

அத்தை: சூப்பர் மதினி. பரவை முனியம்மா படம் பெருசா நிக்குது 🙏

பெரியம்மா: உன் படம் எங்கடி

சித்தி: பின்னாடி இருக்குக்கா. இது அவங்களுக்கெல்லாம் காணிக்கைதான

சின்ன மாமா: அக்கா, குடுக்காதீங்க. நிறுத்துங்க

சித்தப்பா: ஆரம்பிச்சிட்டான்

சின்ன மாமா: அத்தான், கொஞ்சம் கேளுங்க. அந்தம்மா பாடின "தூள்" படத்துப் பாட்டு 2003. அத அனுமதி வாங்காம சட்டப்படி கவர் பாட, அதாவது நாம திரும்பப் பாடி ரெக்கார்டு பண்ண, ஒரே வழி பதிப்புரிமைச் சட்டம் 31சி பிரிவு. முத ரெக்கார்டிங் வந்த வருசம் முடிஞ்சு அஞ்சு வருசம் ஆயிருக்கணும், அது ஆயிருச்சு. ஆனா அதே பிரிவுல, முன்ன பாடினவங்க பேரோ படமோ, சினிமாப் பேரோ அட்டையில இருக்கக் கூடாதுன்னு இருக்கு. "31சி பிரிவுப்படி செஞ்ச கவர் பதிப்பு"ன்னு அட்டையிலயே அச்சடிக்கணும். பாட்டோட உரிமைக்காரருக்கு முன்கூட்டியே நோட்டீஸ், அட்டையோட பிரதி, பணம் மூணும் போகணும். பணம் எவ்வளவு? பாட்டு ஒண்ணுக்கு வருசத்துக்கு குறைஞ்சது 50,000 காப்பிக்கு ராயல்டி. அரசாங்கம் ஏதாவது மொழிக்குக் கொறச்சு வச்சாத்தான் உண்டு

கார்த்தி: மாமா நாம போடப்போறது 300 சிடி

சின்ன மாமா: 300 போட்டாலும் 50,000க்குத்தான்

சித்தப்பா: காதுகுத்துக்கு வர்றவனுக்கு ஆளுக்கு 100 சிடி குடுத்துரலாம்

அத்தை: 😂😂

சித்தி: அப்ப அவங்க பேரே சொல்லாம காணிக்கையா தம்பி

சின்ன மாமா: அதுக்குத்தான் 31சி வேணாங்கிறேன். பாட்டோட உரிமை யார்கிட்ட இருக்குன்னு பாத்து நேரா எழுதி வாங்குவோம். அதுல பேரு போடலாமான்னு அவங்க சொல்றதுதான் கணக்கு. அட்டைப் படத்துக்கு முனியம்மா குடும்பத்துக்கிட்ட தனியாக் கேளுங்க. இன்னொண்ணு, நீங்க நடுவுல நம்ம ஊர் பேர வச்சு ரெண்டு வரி சேத்திருக்கீங்களே, 31சில அதுவும் ஆகாது. வரிய மாத்த உரிமைக்காரர் சம்மதம் வேணும்

பெரியம்மா: காதுகுத்துக்கு எத்தன கிடா சொல்லிருக்கு?

சித்தப்பா: ரெண்டு

பெரியம்மா: பத்தாது

கார்த்தி: "மனுசங்கடா"வும் இருக்கே மாமா, கே.ஏ.குணசேகரன் பாடினது. அது நாட்டுப்பாட்டுதான

சின்ன மாமா: இல்லடா, கவிஞர் இன்குலாப் எழுதின கவிதை. அவர் 2016 டிசம்பர்ல போனார். 2076 முடியிற வரைக்கும் உரிமை இருக்கு. வழிவழியா வந்த தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி இதுக்கெல்லாம் யாரையும் கேக்க வேணாம். ஆனா கேசட்டுல இன்னொருத்தர் போட்ட மெட்டையும் இசைக்கோர்ப்பையும் அப்பிடியே எடுக்கக் கூடாது

பெரியம்மா: ஒப்பாரியா? புள்ளைக்குக் காது குத்துற அன்னைக்கு ஒப்பாரி சிடி குடுக்கப் போறியா

சித்தி: அக்கா அது ஆத்தா பாடினது

பெரியம்மா: ஆத்தா சாவு வீட்டுல பாடுச்சு

பெரியம்மா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அத்தை: என்ன அண்ணி அழிச்சிட்டீங்க

கார்த்தி: சனிக்கெழம ஸ்டுடியோ பத்தி பேசலாமா. சித்தி, கேசட்ட வச்சு சுதி புடிக்காதீங்க. அந்த டேப்ரெக்கார்டர் வார் நைஞ்சுபோச்சு, மெதுவா ஓடுது. வேகம் நூத்துக்கு ஆறு கொறஞ்சா அரைக் கட்டை எறங்கிரும். அதான் உங்களுக்கு நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவுல நிக்குது. நான் கம்ப்யூட்டர்ல ஏத்தி நேராக்கி அனுப்புறேன்

சித்தி: எனக்கு நாலரைதான் சௌகரியம்

கார்த்தி: நாயனக்காரர் நாயனம் நாலு. ஊதுற சீவாளிய உள்ள தள்ளினாலும் அவ்வளவு ஏறாது

சித்தி: நாலுல பாடினா கீழ எறங்குற எடத்துல குரல் காத்தாப் போயிரும்டா

கார்த்தி: அப்ப அந்தப் பாட்டுல நாயனத்த விட்டுட்டு உறுமி மட்டும் வைப்போம்

சித்தப்பா: நாயனக்காரருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு

கார்த்தி: 😐 பறை மைக்க ஆறடி தள்ளி வைக்கிறேன், கிட்ட வச்சா ஒடைஞ்சு கேக்கும். ஈரமா இருந்தா தோல் தொய்ஞ்சு சத்தம் பொத்துப்பொத்துன்னு வரும். ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவ காய்ச்சணும். உள்ள தீ வைக்க விடமாட்டாங்க, முத்தத்துல வைக்கோல் போட்டுக்கலாம். சித்தப்பா ஒரு கட்டு கொண்டாங்க

சித்தப்பா: வைக்கோலுக்கும் நானா

அத்தை: கும்மிக்கு தாளம் காட்டுற அந்த டிக் டிக் சத்தம் வைப்பியாடா காதுல

கார்த்தி: இல்லத்த. கும்மி கடைசிச் சரணத்துல தானா ஓடும். கிளிக் வச்சா அந்த ஓட்டம் செத்துரும். பறையும் சித்தி குரலும் ஒண்ணாவே எடுக்கிறேன். தப்பு விழுந்தா பாட்டு முழுசும் திரும்ப. நடுவுல ஒட்டவே முடியாது

சித்தி: ஆர்மோனியப் பெட்டி வேணும். சுதிக்கு

சித்தி: தம்பி?

சித்தி: தம்பி ஆத்தா பெட்டி உங்க வீட்டுலதான இருக்கு

அத்தை: அது ரெண்டு கட்டை அமுங்கிக் கெடக்கு மதினி

பெரியம்மா: குடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு

சின்ன மாமா: அக்கா, அட்டைய நிறுத்தினீங்களா இல்லையா

சித்தி: பிரிண்டுக்காரர் போன் எடுக்கல

கார்த்தி: சுதிப்பெட்டி என் போன்லயே இருக்கு சித்தி

பெரியம்மா: மூணு கிடா வேணும். ஒப்பாரி வேணாம்