இங்கிலாந்தில் அனுமதித்த வாளை அமெரிக்காவில் ஏன் மறுக்கிறார்கள்?

வடக்குக்காற்று:

வணக்கம் நண்பர்களே. வேலை மாற்றலில் போன மார்ச் மாதம் யார்க்‌ஷயரிலிருந்து பிட்ஸ்பர்க் பக்கம் வந்துவிட்டேன். அங்கே ஐந்து வருடம் ஒரு வைக்கிங் கால ரீஎனாக்ட்மென்ட் (பழைய காலப் போரைத் திரும்ப நடத்திக் காட்டும்) குழுவில் கேடய வரிசையில் நின்று சண்டை போட்டவன். மழுங்கடித்த எஃகு வாள், மரக் கேடயம், பஞ்சு வைத்துத் தைத்த சட்டை, அதற்கு மேல் இரும்பு வளையச் சட்டை, முகம் திறந்து மூக்குக்கு மட்டும் ஒரு பட்டை இறங்கும் கூம்பு ஹெல்மெட். வாளின் விளிம்பு 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, முனை சின்ன நாணயத்தின் ஓரம் மாதிரி உருண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் பரிசோதிப்பவரிடம் கொடுத்து, அவர் சரி என்ற பிறகுதான் களத்தில் இறங்குவோம்.

இங்கே வந்ததும் எஸ்சிஏ, அதாவது இடைக்கால வாழ்க்கையையும் சண்டையையும் திரும்பச் செய்து பார்க்கும் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம், அவர்களுடைய உள்ளூர்ப் பயிற்சிக்குப் போனேன். வாளை உறையிலிருந்து உருவுவதற்கு முன்பே "அதை வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள்" என்றார்கள். ஹெல்மெட்டும் செல்லாதாம். கையில் டேப் சுற்றிய பிரம்பு ஒன்றைக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்ட வாள், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதைவிடப் புரியாத விஷயம், அந்தப் பிரம்பால் ஒருவர் தலையில் இன்னொருவர் முழுப் பலத்தோடு அடிக்கிறார். எங்கள் குழுவில் தலையைத் தொட்டாலே அன்றைக்கு உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் முழங்காலில் அடிப்பது இங்கே தப்பு. எது பாதுகாப்பு என்பதில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? என்னிடம் நல்ல ஃபென்சிங் முகமூடி ஒன்று இருக்கிறது, ஹெல்மெட் வாங்கும் வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டு பழகலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பிரம்புக்காடு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம், ஒரு நாள்கூட வேண்டாம். ஃபென்சிங் முகமூடியின் வலை, வளைகிற மெல்லிய கத்தியின் முனையைத் தடுப்பதற்காகச் செய்தது. பிரம்பின் அடி அப்படி ஒரு புள்ளியில் வருவதில்லை, மொத்தமாக இறங்கும். வலை உள்ளே மடங்கும், மண்டைக்குப் பின்னால் பெரிதாக எதுவுமே இருக்காது. எஸ்சிஏ-விலேயே ரேப்பியர் என்கிற மெல்லிய எஃகுக் கத்தியோடு சண்டை தனியாக நடக்கிறது, அதற்கு முகமூடி சரி. அது வேறு களம், வேறு விதிப்புத்தகம்.

நான் ஒன்பது வருடமாக ஹெவி என்று சொல்கிற கவசச் சண்டை போடுகிறேன், நான்கு வருடமாக மார்ஷலாகவும், அதாவது ஆயுதத்தையும் கவசத்தையும் சோதித்துக் களத்தின் பாதுகாப்பைப் பார்ப்பவனாகவும் நிற்கிறேன். உங்கள் வாளில் ஒரு குறையும் இல்லை. அது வேறு கவசத்துக்காக, வேறு விதமான அடிக்காக எழுதிய விதியில் தேறிய வாள். இங்கிலாந்தில் உங்களைக் காப்பாற்றியது பாதிக்கு மேல் எதிராளியின் கைதான். அடியை இழுத்துப் பிடிப்பார், தலைப் பக்கம் வரமாட்டார், அதனால் திறந்த ஹெல்மெட் போதும். இங்கே யாரும் அடியை இழுத்துப் பிடிப்பதில்லை. அடி வாங்கியவர் உடம்பில் உணர்ந்து, "ஆம், பட்டது" என்று தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொல்ல நடுவர் கிடையாது. அப்படியென்றால் அடி உண்மையாக வந்தாக வேண்டும், உண்மையாக வருகிற அடியை எஃகால் போட முடியாது.

அடி போதுமா போதாதா என்று எதை வைத்து முடிவெடுக்கிறோம் என்றால், எதிரில் நிற்பவர் வளையச் சட்டையும் மூக்குப் பட்டையுள்ள திறந்த இரும்பு ஹெல்மெட்டும் போட்டிருப்பதாக விதி எல்லோரையும் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறது. உங்களிடம் இருக்கிற அதே ஹெல்மெட்தான்! அதனால்தான் முகத்தில் குத்து விழுந்தால் செத்ததாகக் கணக்கு. ஆனால் நிஜத்தில் தலையில் இருக்க வேண்டியது முழுதாக மூடிய, குறைந்தது 16 கேஜ் எஃகு, கிட்டத்தட்ட 1.6 மில்லிமீட்டர் கனம்.

இப்போது இந்த அளவுகளைச் சேர்த்துப் பாருங்கள். முகத்துக்கு முன்னால் இருக்கும் கம்பிகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் உருளைக் குச்சி நுழையக் கூடாது. பிரம்பு 32 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குத்தும் முனையை ஹெல்மெட்டின் கம்பிக்குள் எவ்வளவு அழுத்தினாலும் அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே போகக் கூடாது. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியது. 25 மில்லிமீட்டர் என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வேறு குழுவின் மெல்லிய எஃகுக் கத்திக்கு முன்னால் நின்றால் அந்த ஹெல்மெட்டால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் கொண்டுவந்த வாளின் முனை எங்கள் கம்பி இடுக்கில் சாதாரணமாக நுழைந்துவிடும், வீட்டில் அளந்து பாருங்கள்.

பிரம்பு ஏன், மூங்கில் ஏன் இல்லை என்று அடுத்து கேட்பீர்கள். கம்பு சுற்றியவர்களுக்கு இது தெரியும். மூங்கில் உள்ளே வெற்று, உடைந்தால் சிலாம்பு ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பிரம்பு உள்ளே கெட்டி, நாரால் ஆனது, செத்துப்போகும்போது முனை விரிந்து துடைப்பம் மாதிரி ஆகுமே தவிர கூராக முறியாது. ஆனால் அதற்காகக் கவனிக்காமல் விடக் கூடாது. மார்ஷலாக என் இரண்டாவது வருடத்தில் ஒருவர் கொடுத்த வாளை மேலே மட்டும் பார்த்து அனுப்பிவிட்டேன், புது டேப், வழவழவென்று இருந்தது. அரை மணி நேரத்தில் அது நடுவில் மடிந்து எதிராளியின் கழுத்துக் கவசத்துக்குப் பின்பக்கம் சுற்றிப் போய் அடித்தது. கவசம் சரியாக இருந்ததால் தழும்போடு போயிற்று. டேப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு நார் பொடிப்பொடியாக இருந்தது. அதிலிருந்து எந்த வாளையும் இரண்டு கையாலும் பிடித்து வளைத்து, முறுக்கி, கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்க்காமல் நான் விடுவதில்லை. உள்ளே நார் கெட்டுப்போயிருந்தால் விரலுக்கு மெத்துமெத்தென்று தெரியும், சில நேரம் காதுக்குப் பக்கத்தில் வைத்து வளைத்தால் நெறுக்கென்று சத்தமே கேட்கும்.

வென்டு_கரை:

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன், நானும் எஃகுதான், 11ஆம் நூற்றாண்டுக் குழு. பிரம்புக்காடு அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் பக்கம் எல்லாம் கையின் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பதாக எழுதியிருக்கிறார், அது பாதிதான். எஃகோடு எஃகு மோதினால் விளிம்பில் பிசிறு கிளம்பும், காலையில் பரிசோதனையில் தேறிய வாள் மத்தியானத்துக்குள் ரம்பம் மாதிரி ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு சண்டைக்கு நடுவிலும் அரம் எடுத்து ராவுவது எங்களுக்குப் பல் தேய்ப்பது போல. நான் பழைய நைலான் காலுறை ஒன்றை விளிம்பு முழுக்க இழுத்துப் பார்ப்பேன், கண்ணுக்குத் தெரியாத பிசிறு கூட அதில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் ராவு, மறுபடி இழு. புதிதாக வருகிறவர்களுக்குச் சண்டைக்கு முன்னால் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

வடக்குக்காற்று, உங்களுக்கு ஒரு கவலையைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் பிரம்போடு முழு வீச்சு பழகிவிட்டு, லீவில் இங்கே வந்து பழைய நண்பர்களோடு எஃகை எடுத்தால் உடம்பு எந்தப் பழக்கத்தைக் காட்டும்? எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான் வந்தார், நல்ல மனிதர், மனசில் ஒன்றும் இல்லை. முதல் மோதலிலேயே கை தானாக மேலே போனது. எதிரில் நின்ற பையனின் காதுக்கு மேலே நான்கு தையல். வந்தால் முதல் நாள் முழுக்க மெதுவாக மட்டும் ஆடுங்கள், குழுத் தலைவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் எஃகில் முழுப் பலத்தோடு அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். புகுர்ட் என்று சொல்கிற விளையாட்டு, கிழக்கு ஐரோப்பாவில் வளர்ந்தது. அங்கே குத்துவதே தடை, வெட்டும் தள்ளுமுள்ளும்தான். பிடரி, கவட்டை, முழங்காலின் பின்பக்கம், பாதம் எல்லாம் அடிக்கக் கூடாத இடங்கள். தலை முதல் கால் வரை மூடாமல் உள்ளே விடமாட்டார்கள். அவர்கள் கோடரியை வைத்துக்கொண்டு எங்கள் கேடய வரிசைக்குள் யாராவது வந்தால் நான் களத்தைவிட்டு வெளியே போய்விடுவேன். அவர்கள் விதி அவர்கள் களத்தில் சரி.

பழஞ்சுவடி:

நான் சண்டை போடுகிறவன் இல்லை, ஆவணங்கள் படிக்கிறவன். ஆனால் இந்தத் திரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் பிரம்புக்காடு சொன்ன அந்த 25-க்கு 32 கணக்கை இடைக்காலத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

1278இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் விண்ட்சரில் ஒரு டூர்னமென்ட் நடத்தினார், 38 வீரர்கள். அதற்கு வாங்கிய சாமான்களின் கணக்கு இன்றும் இருக்கிறது. வாள்கள் திமிங்கில எலும்பு என்று அன்று அழைத்த பொருளாலும் தோல்தாளாலும் செய்து வெள்ளி பூசியவை, ஹெல்மெட்டும் கவசமும் பதப்படுத்திக் கெட்டியாக்கிய தோல். இரும்பு வாளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று அரசரே சொன்ன மாதிரிதான். 1292இல் டூர்னமென்ட் ஆயுதங்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள்: கூரிய வாள், கூரிய குத்துவாள், தடி, கதாயுதம் எதுவும் கூடாது, அகன்ற டூர்னமென்ட் வாள் மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1460 வாக்கில் அஞ்சூ பிரபு ரெனே எழுதிய டூர்னமென்ட் நூல். மழுங்கல் வாளின் அலகு நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும் என்கிறார். ஏன்? ஹெல்மெட்டின் பார்வை இடுக்கில் அது நுழைந்துவிடக் கூடாது. விளிம்பு ஒரு விரல் கனம். கதாயுதங்களை நடுவர்கள் வாங்கிப் பார்த்து, அளவுக்கு மீறிய கனமோ நீளமோ இல்லையென்றால் காய்ச்சிய இரும்பால் குறி போட்டுத் தர வேண்டும். இன்றைக்கு மார்ஷல்கள் செய்வதும் இதுதான், சூட்டுக்கோல் மட்டும் இல்லை.

இடுக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1559 இருக்கிறது. பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றி ஜூன் 30 அன்று பாரிஸில் குதிரை மேல் ஈட்டிப் போட்டி ஆடினார். எதிராளி மோண்ட்கோமரியின் ஈட்டி முறிந்து, அதன் மரச் சிலாம்பு முகமூடி வழியாக உள்ளே போய்க் கண்ணுக்கு மேலே ஏறியது. பத்து நாள் துடித்து ஜூலை 10 அன்று இறந்தார். மரம்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு ஹென்றிதான் ஞாபகத்துக்கு வருவார்.

வடக்குக்காற்று:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முகமூடி யோசனையை விட்டுவிட்டேன். அந்த வாள் முனையை வீட்டில் அளந்தேன், 25 மில்லிமீட்டர் வளையத்தில் தாராளமாகப் போகிறது. இனி இதைப் பற்றி வாதாட மாட்டேன்.

ஆனால் முழங்கால் விஷயத்தில் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேடயம் உடம்பை மூடிவிட்டால் மிச்சம் இருப்பது காலும் தலையும்தானே. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் விஸ்பி நகருக்கு வெளியே 1361இல் டென்மார்க் மன்னர் வால்டமாரின் படையோடு நடந்த போரில் இறந்தவர்களைக் கவசத்தோடு குழியில் புதைத்திருக்கிறார்கள், 20ஆம் நூற்றாண்டில் தோண்டி எடுத்த எலும்புகளில் கீழ்க்காலில்தான் எத்தனை வெட்டு! உண்மையான போர் அப்படி இருந்திருக்கும்போது அதை விட்டுவிட்டு ஆடினால் நாம் காட்டுவது பொய்யான சண்டை ஆகாதா?

பிரம்புக்காடு:

ஆமாம், அந்த இடத்தில் அது பொய்தான். மறைத்துப் பேச எனக்கு விருப்பம் இல்லை. முழங்காலுக்கு ஒரு அங்குலம் மேலே தொடங்கி கீழே எதுவும் இலக்கு இல்லை என்று வைத்ததால் எங்கள் ஆட்கள் கேடயத்தை உயரமாகப் பிடிக்கப் பழகிவிட்டார்கள், விஸ்பியில் அப்படி நின்றிருந்தால் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்கள். தொடையில் அடி வாங்கினால் மண்டியிட்டு ஆடுகிறோமே, அதுவும் வரலாறு இல்லை.

இருந்தாலும் இந்த விதியை மாற்றச் சொன்னால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். தொடையில் சதை இருக்கிறது, அடி வாங்கினால் கன்றிப்போய் பத்து நாளில் சரியாகும். முட்டி பக்கவாட்டில் மடங்குகிற மூட்டு இல்லை, அங்கே முழு வீச்சில் 32 மில்லிமீட்டர் பிரம்பு விழுந்தால் உள்ளே தசைநார் கிழியும், எந்த முட்டிக் கவசமும் அந்தத் தள்ளலை முழுதாகத் தடுக்காது. நாங்கள் ஆடுகிறவர்கள் தச்சர், நர்ஸ், லாரி டிரைவர். திங்கட்கிழமை நின்று வேலை செய்ய வேண்டும். உங்கள் பழைய குழுவில் அடியை இழுத்துப் பிடிப்பதால் கீழ்க்காலைத் தொட்டுக் காட்ட முடிந்தது, எங்கள் வேகத்தில் அது முடியாது.

ஞாயிறு வந்தால் குழுவின் ஹெல்மெட் ஒன்று தருகிறோம். உள்ளே அரை அங்குல ஃபோம் இருக்கிறதா, தாடைப்பட்டை பிடிக்கிறதா, முகக்கம்பி தாடைக்குக் கீழே ஒரு அங்குலமாவது இறங்குகிறதா என்று நீங்களே பாருங்கள். யாராவது "ஹோல்ட்" என்று கத்தினால் எதுக்கு என்று பார்க்காமல் அதே இடத்தில் நின்று நீங்களும் கத்துங்கள். ஆகஸ்டில் ஸ்லிப்பரி ராக் ஊர்ப் பக்கம் நடக்கும் பென்சிக் என்கிற எஸ்சிஏ-வின் பெரிய விழாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே களத்தில் மோதுவார்கள், அந்த ஒரு சொல்தான் அவ்வளவு பேரையும் நிறுத்தும்.

வடக்குக்காற்று:

ஞாயிறு போய்விட்டு வந்தேன். அவர்கள் கொடுத்த ஹெல்மெட்டை நானே சோதித்தேன், 25 மில்லிமீட்டர் மரக்குச்சி ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வலதுபக்கம் எல்லாம் தடுத்தது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு கம்பி கொஞ்சம் வளைந்திருந்தது, குச்சி உள்ளே போய் என் விரல் கம்பியில் இடித்து நின்றது. மார்ஷலிடம் காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி, அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டி வண்டிக்குள் வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்துத் தந்தார். அதில் தேறியது. கம்பத்தில் ஒரு மணி நேரம் அடித்துப் பழகினேன், மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. எஃகு வாளுக்கு எண்ணெய் போட்டுத் துணி சுற்றி மேலே எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த கோடையில் இங்கிலாந்து வரும்போது வென்டு_கரை குழுவில் முதல் நாள் மெதுவாக ஆடுவதற்கு.