ஜெட்டி (படகு கட்டும் மேடை) இல்லாத இடத்தில் வேஃபேரர் படகை இறக்குவது எப்படி?

சிம்கோ_பாய்:
வணக்கம். பழைய வேஃபேரர் பாய்ப்படகு ஒன்று வாங்கினேன், கிட்டத்தட்ட 16 அடி. நானும் 15 வயது மகளும் மட்டும்தான். கனடாவின் சிம்கோ ஏரியில் நாங்கள் படகு இறக்குகிற சரிவில் ஜெட்டி இல்லை. ஒரு பக்கம் கல், மற்றப் பக்கம் சின்ன மணல்கரை. சனிக்கிழமை ட்ரெய்லரைப் பின்னுக்கு விட, படகு மிதந்த உடனே பாய்ந்துபோய்க் கல்லில் அடித்துவிட்டது. ஜெல்கோட் (படகின் வெளிப்பூச்சு) ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்துவிட்டது. மகள் இடுப்பளவு தண்ணியில் நின்று பிடித்தும் முடியவில்லை. எங்கே பிழை விட்டேன்?

வடகரையான்:
மகளுக்கு ஒன்றும் இல்லைத்தானே? படகுக்கும் கல்லுக்கும் நடுவில் ஆளை நிற்க விடாதேங்கோ. வெறும் படகே 169 கிலோ. காற்று எந்தப் பக்கம்? பாய் ஏற்றியிருந்ததோ?

சிம்கோ_பாய்:
மகள் சுகம், அண்ணை. காற்று ஏரியிலிருந்து கரைக்கு. பெரிய பாயைக் கார் நிறுத்துமிடத்திலேயே ஏற்றிவிட்டேன்.

வடகரையான்:
அதுதான் காரணம். ட்ரெய்லரில் அணியம் (படகின் முன்பக்கம்) கரையைப் பார்த்து நிற்கும். காற்று பின்னால் வந்து பாயை நிரப்பினால் யாராலும் பிடிக்க ஏலாது. பாய்மரத்தை மட்டும் மேலே நிமிர்த்துங்கோ (முதலில் மின்கம்பி இருக்கோ என்று அண்ணாந்து பாருங்கோ), பாயைச் சுருட்டியே வையுங்கோ. சென்டர்போர்ட் (படகின் நடுவில் தண்ணிக்குள் இறங்கும் பலகை), சுக்கான் இரண்டும் மேலே. அணியத்தில் 10 மீட்டர் கயிறு கட்டி, மறுமுனையை மகள் மணல்பக்கம் நின்று பிடிக்கட்டும். வின்ச் (ட்ரெய்லரில் படகை இழுக்கும் சுற்றுக்கருவி) கொக்கியைப் படகு மிதக்கத் தொடங்கின பிறகுதான் கழட்ட வேணும்.

மிதந்ததும் மணல்பக்கம் இழுத்துக்கொண்டுபோய், அணியத்தை ஏரிப்பக்கம் திருப்பி, இடுப்பளவு தண்ணியில் சின்ன நங்கூரம் போடுங்கோ. படகு தானாகக் காற்றைப் பார்த்து நிற்கும். நீங்கள் ஆறுதலாகக் காரை விட்டுவிட்டு வரலாம். பாய் ஏற்றுவது அதற்குப் பிறகுதான். சென்டர்போர்டை முழுக்க இறக்கினால் 1.17 மீட்டர் ஆழம் வேணும். அதனால் முதலில் பாதி இறக்கி, துடுப்பு போட்டு வெளியே போங்கோ.

நீலக்கயிறு:
ஒன்று சேர்க்கிறேன். நெடுந்தூரம் ஓடி வந்த ட்ரெய்லர் சில்லுகளை உடனே குளிர்தண்ணிக்குள் விடாதேங்கோ. சூடான பேரிங் தண்ணியை உள்ளே இழுத்துப் பழுதாகும். படகை ஆயத்தம் செய்கிற அரைமணி நேரத்தில் ஆறிவிடும். ட்ரெய்லர் விளக்கு வயரையும் கழட்டுங்கோ. வடிகால் அடைப்பான் பூட்டியிருக்கோ என்று கையால் தொட்டுப் பாருங்கோ.

சிம்கோ_பாய்:
நன்றி. திரும்ப ஏற்றும்போது படகு கோணலாக வந்து உட்காருது. அதற்கு?

வடகரையான்:
ட்ரெய்லரை ஆழமாக விட்டிருப்பீங்கள். பின் உருளை தண்ணிமட்டத்தில் இருந்தால் போதும். அணியத்தை அதில் சரியாக நடுவில் வைத்த பிறகு வின்ச்சைச் சுற்றுங்கோ.