பதக்கக் கோப்பு: அச்சு வெட்டக் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

விளையாட்டுப் போட்டிக் குழுவுக்கும் மற்ற உறவுகளுக்கும் வணக்கம்.

குழுவில் சுற்றிவரும் சங்கச் சின்னத்தை அப்படியே பதக்கத்துக்குக் கொடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறித் தரம் குறைந்துபோன ஜேபெக் அது. அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினாலும் உள்ளே இருப்பது அதே படம்தான். கோப்பைத் திறந்து 6400 விழுக்காட்டுக்குப் பெருப்பித்துப் பாருங்கள். விளிம்பு கூராகவே நின்றால் வெக்டர், அதாவது எவ்வளவு பெருப்பித்தாலும் உடையாத கோட்டு வரைபடம். சதுரம் சதுரமாக உடைந்தால் வெறும் படம். சின்னத்தை முதலில் வரைந்தவரிடம் ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளின் கோப்பு), இபிஎஸ் அல்லது எஸ்விஜி மூலக்கோப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் வரைகலை மென்பொருளில் உள்ள பென் கருவியால் திரும்ப வரைவதுதான் நல்லது. தானாகக் கோடு எடுக்கும் வசதி சின்னத்தில் உள்ள கோபுரத்தின் ஓரத்தை நூற்றுக்கணக்கான துண்டு வளைவுகளாக்கிவிடும், அதைத் திருத்துவது புதிதாக வரைவதைவிட அதிக வேலை.

கோப்பில் நாம் போடும் ஒவ்வொரு கோடும் பதக்கத்தில் மேடாக எழும்பும். பதக்கத்தை உருவாக்கும் உலோக அச்சில் அதே கோடு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை வெட்டும் கருவியின் முனை நுழைய முடியாத அளவுக்குக் கோடு ஒடுங்கினால், அந்த இடம் மேலோட்டமாக வெட்டுப்படும், அல்லது விட்டுப்போகும். ஆகவே மென்பொருளின் வரைபலகையை (ஆர்ட்போர்டு) உண்மையான அளவிலேயே, அதாவது 60 மிமீ விட்டத்தில் வைத்து வரையுங்கள். எந்தக் கோடும் 0.3 மிமீக்குக் குறையக்கூடாது (ஏறக்குறைய 0.85 பாயின்ட்). இடைவெளிகளுக்கும் இதே அளவுதான். வரைந்து முடிந்ததும் கோடுகளை ‘அவுட்லைன் ஸ்ட்ரோக்’ செய்து வடிவங்களாக்குங்கள். செய்யாவிட்டால், தொழிற்சாலையில் படத்தைச் சிறிதாக்கும்போது கோட்டின் தடிப்பு மட்டும் மாறாமல் நின்று எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

தமிழ் எழுத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். எங்கள் பழைய மலர்களும் கடிதத்தலைப்புகளும் யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளிகள் அரைப்புள்ளிகளாகவும் வரும். தொழிற்சாலையில் இருப்பவருக்கு அது பிழை என்று தெரிய வழியில்லை, வந்ததை அப்படியே வெட்டிவிடுவார். யுனிகோடில் எழுதினாலும் இல்லஸ்ட்ரேட்டரில் பத்தி அமைப்பை ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்று மாற்றாவிட்டால் ‘கோ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை. எதில் செய்தாலும், எழுத்துகள் சரியாக வந்ததும் அவற்றை வளைகோடாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிய பிறகே அனுப்புங்கள். திருத்தக்கூடிய பிரதியை உங்களிடம் தனியாக வைத்திருங்கள்.

எழுத்தின் உயரம் 3 மிமீயாவது வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து 2 மிமீயில் தெளிவாக வரும். ண, ழ, ஞ போன்றவற்றின் சுழிகளும் ‘கீ’யின் மேற்சுழியும் அந்த அளவில் மெருகிலும் முலாமிலும் அடைந்துவிடும். மிகத் தடித்த எழுத்துரு சுழிகளை மூடும். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறிமாறி வரும் எழுத்துருவில் மெல்லிய பகுதி காணாமல் போகும். நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஒரே சீரான கோடுள்ள, நடுத்தரத் தடிப்பு எழுத்துரு பொருத்தம். வளைகோடாக மாற்றிய பிறகு புள்ளிகளை மட்டும் தெரிவுசெய்து 0.5 மிமீ விட்டத்துக்குப் பெருப்பியுங்கள். புள்ளி தனியே நிற்கும் சின்ன மேடு, மெருகிடும்போது முதலில் தேய்வது அதுதான்.

இனி இடம். 60 மிமீ பதக்கத்தின் ஓரத்தில் மேற்பாதி வளைவில் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 80 மிமீ. தமிழ் எழுத்து ஒன்றுக்கு இடைவெளியோடு 4 மிமீ என்று வைத்தால் 20 எழுத்துதான். ஊர்ப் பெயர், ‘மக்கள் ஒன்றியம்’, நாடு மூன்றையும் அதற்குள் திணிக்க வேண்டாம். நாட்டை ரிப்பனுக்கு மாற்றுங்கள்.

பதக்கத்தின் பள்ளங்களில் ஊற்றும் நிறப்பூச்சான எனாமலில் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குக் கரைந்து போகும் சாயல் வராது. பக்கத்துப் பக்கத்து நிறங்களுக்கு நடுவே உலோகக் கோடு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊற்றும்போது கலந்துவிடும். நிறங்களைத் திரையில் பார்த்துச் சொல்லாமல் பான்டோன் கோட்டட் (நிறங்களுக்கான பொது அட்டவணை) எண்ணாகக் கொடுங்கள், உதாரணமாகச் சிவப்புக்கு 186 சி. தங்க முலாமுக்குப் பக்கத்தில் மஞ்சள் எனாமல் போட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், அங்கே கருஞ்சிவப்பு அல்லது கடும்பச்சை எடுப்பாக நிற்கும். எழுத்து நிறைய இருந்தால் பழமைத் தோற்ற முலாமைத் தெரிவுசெய்யுங்கள். பள்ளத்தில் கருமை தங்குவதால் தூரத்திலிருந்தும் வாசிக்கலாம்.

செலவைக் குறைக்கும் முடிவும் கோப்பில்தான் எடுக்கப்படுகிறது. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றுக்கும் ஒரே அச்சுப் போதும், முலாம்தான் வேறு. ‘முதலாம் இடம்’ என்று முகப்பில் போட்ட உடனே மூன்று அச்சு தேவைப்படும். ஆண்டும் அப்படியே: அச்சில் வெட்டினால் அடுத்த வருடம் அந்த அச்சு உதவாது. பின்புறத்தை வழுவழுப்பாக விட்டு, எத்தனையாம் இடம் என்பதையும் போட்டியின் பெயரையும் லேசரில் பொறியுங்கள். ஆண்டை ரிப்பனில் அச்சிடுங்கள்.

ரிப்பனுக்குத் தனிக் கோப்பு வேண்டும். வழக்கமான அகலம் 25 மிமீ. பதக்கத்தின் மேல் வளையத் துவாரம் 27 மிமீ அகலமாக இருந்தால் மடங்காமல் நுழையும். அந்த வளையத்தையும் வரைபடத்தில் சேர்த்தே வரையுங்கள். விட்டுவிட்டால் தொழிற்சாலை தன் விருப்பத்துக்கு ஒன்றை ஒட்டும், அது கோபுரக் கலசத்தை மறைக்கலாம்.

ஒப்புதலுக்கு வரும் மாதிரிப் படத்தைத் தமிழ் நன்றாக வாசிக்கக்கூடிய இரண்டு பேர், உண்மையான அளவில் காகிதத்தில் அச்செடுத்து, எழுத்து எழுத்தாகப் பார்க்கவேண்டும். அச்சு வெட்டிய பிறகு ஒரு புள்ளியைத் திருத்தவும் திரும்பக் காசு கட்டவேண்டி வரும். படம் வந்ததும் இந்தக் குழுவுக்கு இணைப்பாக அனுப்பிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்