டிவி கேமில் முறை வரும்வரை வாசித்த தொடர்கதைகள்

கேள்வி

1990களின் நடுவில் எங்கள் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்களுள் ஒன்று அது. அதில் நாங்கள் அதிகம் ஆடியது சூப்பர் மாரியோ பிரதர்ஸ். இருவர் ஆடலாம் என்றாலும் ஒரே நேரத்தில் ஆட முடியாது. ஒருவருடைய மாரியோ உயிரிழந்த பிறகே மற்றவருடைய லூயிஜிக்கு முறை வரும். அண்ணன் திறமையாக ஆடுவான் என்பதால் நான் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில், பாட்டி வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைத் தொகுதிகளை மடியில் வைத்து, தொலைக்காட்சிக்கு எதிரிலேயே அமர்ந்து வாசிப்பேன். இடையில் சில வாரங்கள் விடுபட்டிருக்கும். அந்தப் பகுதிகளைப் பாட்டியே சொல்லி நிரப்புவார். அவர் சொன்ன அத்தியாயங்கள் அச்சிலிருந்தவற்றைவிடத் தெளிவாக என் நினைவில் உள்ளன.

இன்று எட்டு வயதாகும் என் மகளுக்குத் தனியாக ஒரு கைக்கணினி இருக்கிறது. அவள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, பாடநூலுக்கு வெளியே வாசிப்பதும் இல்லை. என்னை வாசிக்க வைத்தது அந்தக் காத்திருப்புதானா? உங்கள் வீடுகளில் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறேன். மேலும், துப்பாக்கியால் வாத்து சுடும் பழைய விளையாட்டை அவளுக்குக் காட்ட ஆசை. இன்றைய தொலைக்காட்சியில் அது இயங்குமா?

மறுமொழி (மதுரையிலிருந்து)

துப்பாக்கி இயங்காது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி பார்த்தால்தான் குறி பட்டதாகக் கணக்கு. பழைய குழாய்த் திரையின் வேகத்தை நம்பிச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. தட்டைத் திரைகள் படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் கணக்குத் தவறிவிடும். பழைய குழாய்த் தொலைக்காட்சி ஒன்றைத் தேடிப்பிடித்தால் உங்கள் மகள் சுட்டுப் பார்க்கலாம்.

காத்திருப்பைப் பற்றி நீங்கள் சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் இருந்த கேசட் காண்ட்ரா என்ற விளையாட்டு. அதில் இருவரும் சேர்ந்தே ஆடுவார்கள். அருவியில் ஏறும் கட்டத்தில் ஒருவர் விரைந்து மேலே போய்விட்டால் பின்தங்கியவர் திரைக்குக் கீழே விழுந்து இறந்துவிடுவார் என்பதால், நான் அக்காவுக்காக ஒவ்வொரு பாறையிலும் நின்று நின்றுதான் ஏறினேன். முறைக்காகக் காத்திருக்கும் பேச்சே அங்கு எழவில்லை. ஆனாலும் இருவரும் வாசகர்களாகத்தான் வளர்ந்தோம், அம்மா வாடகை நூலகத்தில் எடுத்துவந்த நாவல்களையும் காமிக்ஸ்களையும் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து பேசியதால்.

மறுமொழி (டொராண்டோவிலிருந்து)

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1990க்குப் பிறகு அங்கு மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த விளக்கில்தான் படித்தோம். அந்த வெளிச்சம் ஒரு பக்கத்துக்குத்தான் போதும். ஆகவே ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்போம்.

கனடாவுக்கு வந்தபின் தம்பிக்கு நின்டெண்டோ 64 என்ற விளையாட்டுக் கருவி கிடைத்தது. 1998இல் வெளியான செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம் விளையாட்டில் பாத்திரங்கள் குரலெடுத்துப் பேசுவதில்லை, உரையாடல் முழுவதும் எழுத்தாகவே திரையில் வரும். இரவு வேலைக்குப் போகும் முன் அப்பா எங்களுடன் அமர்ந்து, "இப்ப அவன் என்ன சொல்லுறான்?" என்று கேட்பார். தம்பி ஆட, நான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லுவேன். என் ஆங்கில வாசிப்பு வளர்ந்தது வகுப்பறையில் அல்ல, அந்தக் கேள்விக்கு விடை சொல்லித்தான்.

ஆகையால் உங்களை வாசகராக்கியது காத்திருப்பு அல்ல, விடுபட்ட வாரங்களைச் சொல்ல அருகில் பாட்டி இருந்ததுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. மகளின் விளையாட்டில் என்ன நடக்கிறது என்று அவளிடம் கேட்டிருக்கிறீர்களா?

கேட்டவர்

கேட்டதில்லை. அவள் ஆடுவதை நிறுத்தச் சொல்வதற்காக மட்டுமே அருகில் போயிருக்கிறேன். பாட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதை அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். அவனும் அதையே சொல்கிறான். நீங்கள் குறிப்பிட்ட செல்டா இப்போது கிடைக்கிறதா? அவளுடைய ஆங்கிலத்துக்கு அது எட்டுமா?

மறுமொழி (டொராண்டோவிலிருந்து)

2021 முதல் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியில் கூடுதல் சந்தா கட்டி அதை ஆடலாம். உரையாடல் இன்றும் எழுத்தாகவே வருகிறது. எட்டு வயதில் தனியாக வாசித்து முன்னேறுவது கடினம். தொடக்கத்திலாவது நீங்கள் உடனிருக்க வேண்டும். முதலில் வரும் கோகிரிக் காட்டில் அவசரமே இல்லை. அங்குள்ள சிறுவர் ஒவ்வொருவரிடமும் பேசலாம், அறிவிப்புப் பலகைகளை வாசிக்கலாம். தமிழில் சொல்லும் வேலையை அவளிடமே விடுங்கள்.