போர்ட்டபிள் பெர்சனல் ஏசி: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மதுரையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கையேடு மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. மேசைமேல் வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டி. மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும், முன்னால் காற்று வரும். மூலத்தில் ‘போர்ட்டபிள் பெர்சனல் ஏர் கண்டிஷனர்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதலில் ‘கையடக்கத் தனிநபர் குளிர்சாதனம்’ என்று போட்டேன். திரும்பப் படித்தால் அரசாணை மாதிரி இருக்கிறது. பேசாமல் ‘மினி ஏசி’ என்றே விட்டுவிடலாமா? வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

———

சென்னையிலிருந்து:

> மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும், முன்னால் காற்று வரும்.

அம்மா, உங்கள் கேள்விக்கு விடை இந்த வரியிலேயே இருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிற பெட்டி ஏசி இல்லை. பெயர் வைப்பதற்கு முன்னால் இதைப் பேசிவிடலாம்.

ஏசி என்பது வெப்பத்தை ஒரு இடத்திலிருந்து அள்ளி இன்னொரு இடத்தில் கொட்டுகிற கருவி. குழாய்க்குள் ஓடும் வாயு அறைக்குள் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, கம்ப்ரசர் அதை அழுத்துகிறது, வெளியே இருக்கும் பாகத்தில் அந்த வெப்பம் போய்ச் சேர்கிறது. அதனால்தான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டி தொங்குகிறது. சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசியிலும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் ஜன்னல் வழியே வெளியே போகும். உங்கள் மேசைப் பெட்டியில் குழாய் எங்கே? கிடையாது. அப்படியானால் வெப்பம் எங்கே போகிறது? தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. அந்த ஆவியோ அறையிலேயே தங்கிவிடுகிறது.

அளவையும் பார்த்துவிடுவோம். அரை லிட்டர் தொட்டி ஐந்து மணி நேரம் வருகிறது என்று வையுங்கள். மணிக்கு 100 மில்லி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். கணக்குப் போட்டால் பெட்டியின் குளிர்விக்கும் திறன் சுமார் 67 வாட். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளின் உடம்பே கிட்டத்தட்ட 100 வாட் வெப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு டன் ஏசி 3,500 வாட் வெப்பத்தை அள்ளும்.

(இந்த ‘டன்’ ஐஸ் கணக்கிலிருந்து வந்தது. ஒரு அமெரிக்க டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் பிடிக்குமோ அதுதான் ஒரு டன். நான் குடியிருப்பது திருவல்லிக்கேணியில், ஐஸ் ஹவுஸ் பக்கம். 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய வீடு, இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். பஸ் நிறுத்தத்துக்குப் பெயர் ஐஸ் ஹவுஸ், அங்கே நிற்பவனுக்கு வேர்த்துக் கொட்டும்.)

இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், போன வருடம் மே மாதம் என் மகன் ‘மினி ஏசி’ என்ற பெயரை நம்பி இப்படி ஒன்றை வாங்கிவந்தான். யார் விற்றார்கள் என்பது வேண்டாம். ஏசி என்றதால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்தோம். முதல் பத்து நிமிடம் முகத்தில் சில்லென்று பட்டது. ஒரு மணி நேரத்தில் அறை இட்லிப் பானை ஆகிவிட்டது. கையேட்டில் ‘மேலும் குளிர ஐஸ் கட்டி போடவும்’ என்றிருந்தது, போட்டோம். அந்த ஐஸைச் செய்த ஃப்ரிட்ஜ் அடுக்களையில் பின்பக்கம் சுட்டுக்கொண்டிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. அப்போது வீட்டுக்காரி சொன்னது: “இதுக்கு ஃபேன் முன்னாடி ஈரத் துணியைக் கட்டியிருக்கலாமே.”

அதே பெட்டியை வேலூரில் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஜன்னலைத் திறந்துவைத்து மத்தியானம் ஓட்டினால் உண்மையிலேயே சுகமாக இருந்தது. காற்றின் ஈரம்தான் வித்தியாசம். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், தண்ணீர் ஆவியாகி ஆவியாகிக் காற்று 23 டிகிரி அருகே வரை இறங்க இடம் இருக்கிறது. சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 65 என்றால் 29-க்குக் கீழே போகவே முடியாது. சின்னப் பெட்டிக்கு அந்த இறக்கத்திலும் பாதிதான் கிடைக்கும்.

ஆகவே ‘மினி ஏசி’ வேண்டாம். குளிர்சாதனம், குளிரூட்டி, குளிர்விப்பான் எதுவும் வேண்டாம். ஊரைப் பொறுத்துக் குளிர்விக்கிற கருவிக்கு, பெயரிலேயே குளிரை உறுதிகொடுக்கக் கூடாது.

> கையடக்க

இதற்கும் ஒரு வார்த்தை. கையடக்கம் என்றால் கைக்குள் அடங்க வேண்டும். சக்கர ஏசி 25, 30 கிலோ இருக்கும். அதைக் கையடக்கம் என்று எழுதினால் பீமனுக்குத்தான் கையேடு போட வேண்டும்.

ஏசிக்கே நல்ல பெயர் என்னவென்றால், என் ஓட்டு ‘காற்றுப்பதனி’க்கு. காரணம் இருக்கிறது. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் முதல் கருவியை அமைத்தது யாரையும் குளிர்விக்க இல்லை. புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின, அதைச் சரிசெய்யத்தான். ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரை 1906-இல் வைத்தவர் ஸ்டூவர்ட் கிராமர், அமெரிக்கத் தெற்கில் பஞ்சாலைப் பொறியாளர். நூலுக்கு ஈரம் ஏற்றிப் பதப்படுத்துவதை ஆலைக்காரர்கள் கண்டிஷனிங் என்பார்கள், அதையே காற்றுக்கும் சொன்னார். ஆக மூலச்சொல்லில் குளிரே இல்லை, பதம்தான் இருக்கிறது. பாகுக்குப் பதம், மாவுக்குப் பதம், காற்றுக்குப் பதம்.

———

திருநெல்வேலியிலிருந்து:

அன்பரே, பதம் எல்லாம் சரிதான். ஆனால் ‘காற்றுப்பதனி’ என்று எங்கள் பக்கம் சொல்லிப் பாருங்கள். எந்த ஊர்ப் பதனி, எத்தனை ரூபாய் என்று கேட்பார்கள். பதநீரை நாங்கள் பதனி என்றுதான் சொல்வோம். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தவனுக்கு, சுவரில் தொங்கும் பெட்டி நினைவுக்கு வராது.

‘குளிர்சாதனப் பெட்டி’யும் லேசான சங்கடம் இல்லை. ரயிலில் ஏசி கோச்சுக்கும் அதுதான், வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் அதுதான். ‘குளிர்சாதனப் பெட்டியில் பயணம் செய்தார்’ என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம், உள்ளே தக்காளி பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

சகோதரி கேட்ட பெட்டிக்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது: சிவிறி. தமிழாசிரியனாக இருந்தவன் என்பதால் இதை விட மனமில்லை. இலக்கணத்தில் தசை – சதை, ஞிமிறு – மிஞிறு என்று எழுத்து இடம் மாறி வருவதைப் பாடம் எடுக்கும்போது விசிறி – சிவிறி என்பதையும் சேர்த்துச் சொல்வோம். அதாவது சிவிறி என்றால் விசிறி. அதே சொல்லுக்கு அகராதியில் இன்னொரு பொருளும் உண்டு: நீரை வீசும் கருவி. நீர்விளையாட்டில் ஒருவர்மேல் ஒருவர் வாசனைத் தண்ணீர் பீச்சப் பயன்படுத்தியது. காற்று வீசுவதும் சிவிறி, நீர் வீசுவதும் சிவிறி. உங்கள் பெட்டி இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. இதற்காகவே காத்திருந்த சொல் போல இல்லையா?

———

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா சொன்ன சிவிறி வடிவான சொல். எங்கள் நிலையையும் பதிந்து வைக்கிறேன். ஏசியை நாங்கள் எழுத்தில் வளிச்சீராக்கி என்போம். பேச்சில் ஏசிதான், மறைக்க ஒன்றும் இல்லை. கையடக்கம் என்பது எங்களிடம் கையடக்கத் தொலைபேசியோடு ஒட்டிவிட்ட சொல். அதை இந்தப் பெட்டிக்கும் போட்டால், கைபேசியில் காத்து வருகுதோ என்று கேட்பார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் சாமான் புதிதா? வெட்டிவேர்த் தட்டியை ஜன்னலில் கட்டித் தண்ணீர் தெளித்து வைப்பார்கள், அதுவும் மண்பானையும் இதே வேலையைத்தானே செய்கின்றன? பழைய பொருளின் பெயரிலிருந்தே எடுத்தால் என்ன, ‘மின்தட்டி’ என்பதுபோல?

———

சென்னையிலிருந்து:

நெல்லை ஐயாவுக்கு: பதனியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பதநீரோடு போட்டி போட்டு எந்தக் கலைச்சொல்லும் பிழைக்காது. ஏசியை ஏசியாகவே விடுவோம், அது தமிழில் குடியேறி நாளாகிவிட்டது.

சிவிறியைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் ராத்திரி யோசித்ததில் ஒரு பயம் வந்தது. இந்தக் கையேடு அச்சகத்துக்குப் போகும். அங்கே மெய்ப்புப் பார்ப்பவர் ‘சிவிறி’ என்பதைப் பார்த்த கணமே, தட்டச்சுப் பிழை என்று ‘விசிறி’ ஆக்குவார். மூன்றாம் பக்கத்தில் திருத்தி ஏழாம் பக்கத்தில் விட்டுவிடுவார். வாங்கியவருக்கு இரண்டு கருவியா என்று குழப்பம் வரும். எழுத்து மாறிப் பிறந்த சொல்லுக்கு அந்தக் கதி நேர்வதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றாலும், பாவம் வாங்கியவர்.

யாழ்ப்பாண நண்பர் சொன்னது சரிதான், சாமான் புதிது இல்லை. தட்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ள தூரம் ஒரு சின்ன மோட்டார்தான். பெரிய அளவில் செய்தால் அதையே கடையில் ஏர் கூலர் என்கிறார்கள். ஆனால் மின்தட்டி என்றால் எங்கள் பக்கம் கொசு அடிக்கும் மட்டையா, கையில் தட்டினால் எரியும் விளக்கா என்று போய்விடும்.

வீட்டுக்காரி அன்றைக்குச் சொன்னதற்கே திரும்பி வருகிறேன். ஃபேன், ஈரத் துணி. இரண்டையும் ஒட்டினால் ஈரவிசிறி. ‘நனைந்த விசிறி என்று பொருள் வருமே’ என்று யாராவது கேட்பீர்கள். மின்விசிறியை மின்னலில் செய்த விசிறி என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எதனால் வேலை செய்கிறதோ அது முன்னால், என்ன வேலையோ அது பின்னால். மடிக்கணினி பிழைத்தது பார்த்த மாத்திரத்தில் புரிந்ததால்தான். மகிழுந்து இன்னும் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது.

ஈரவிசிறியில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அது வாங்குபவரை எச்சரிக்கிறது. விசிறி என்று கேட்டவன் ஜன்னலை அடைக்க மாட்டான். ஈரம் என்று கேட்ட சென்னைக்காரன், நம் ஊரில் இருக்கிற ஈரம் போதாதா என்று ஒரு தரம் யோசிப்பான். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது. அழுக்குத் தண்ணீரை நாள்கணக்கில் விட்டுவைத்தால் நாறும் என்பதும்கூட.

பெர்சனல் என்பதற்குத் தனிநபர் வேண்டாம், வங்கிக் கடன் வாசனை அடிக்கிறது. ‘ஓராள்’ போதும்: ஓராள் ஈரவிசிறி. மேசையில் வைப்பது என்று அழுத்தம் வேண்டுமானால் மேசை ஈரவிசிறி. தும்பிக்கை வைத்த அந்த நிஜ போர்ட்டபிள் ஏசியை ‘நகர் குளிரூட்டி’ என்று ஒரு இடத்தில் பார்த்தேன், நகரத்தையே குளிரூட்டுவதாக நினைத்துக்கொண்டேன். சக்கரம் இருப்பதால் ‘உருட்டு ஏசி’ என்று சொல்லிப் பார்க்கிறேன். அதில் குளிர் நிச்சயம் உண்டு. குழாய் ஒன்று மட்டும் இருந்தால் அறைக் காற்றையே வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாக வெக்கை உள்ளே வரும். அது வேறு பஞ்சாயத்து, வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

———

திருநெல்வேலியிலிருந்து:

மெய்ப்புக்காரர் வாதத்துக்கு மறுப்பு இல்லை. நானே ஒரு முறை விடைத்தாளில் சிவிறியைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன், அந்தப் பையன் எழுதியது சரி. ஈரவிசிறிக்கு என் இசைவு. சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் உண்மையிலேயே நனைந்த விசிறி ஆகிவிடும்.

———

மதுரையிலிருந்து:

ஐயாக்கள் அனைவருக்கும் நன்றி. நிறுவனத்தாரிடம் பேசினேன். அட்டைப் பெட்டியின் மேல் ‘மினி ஏசி’ இருந்தே ஆக வேண்டுமாம், அச்சாகிவிட்டது. உள்ளே கையேட்டில் என் விருப்பம் என்றார்கள். எல்லா இடத்திலும் ஈரவிசிறி என்று மாற்றிவிட்டேன். ‘ஓராள்’ தலைப்பில் மட்டும் வருகிறது.

மூலத்தில் இல்லாத ஒரு வரியை முதல் பக்கத்தில் சேர்க்கக் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள்: ‘ஈரவிசிறியைப் பயன்படுத்தும்போது சன்னலைத் திறந்து வைக்கவும்.’

சன்னலா, ஜன்னலா, சாளரமா என்று மட்டும் தயவுசெய்து இன்றைக்குத் தொடங்க வேண்டாம். இன்று புதன்கிழமை.